முட்டியில் ‘டக்’, கூரையில் ‘டம்’: சத்தம் எப்படிப் பிறக்கிறது?

முட்டியை மடக்கும்போது ‘டக்’ என்றால் எலும்பு தேய்ந்துவிட்டது என்று எக்ஸ்ரே எடுக்க ஓடுகிறோம். தெருவுக்கே கேட்கும்படி குறட்டை விடுபவரை ‘அசந்து தூங்குறார், எழுப்பாதே’ என்று விட்டுவிடுகிறோம். இரண்டிலுமே கணக்கு தலைகீழ். முதல் சத்தத்தில் பெரும்பாலும் ஒன்றுமில்லை, இரண்டாவதில் உயிருக்கே ஆபத்து இருக்கலாம்.

சத்தம் எவ்வளவு பெரிது என்று பார்க்கிறோமே தவிர, எது அசைந்து அந்தச் சத்தம் வந்தது என்று பார்ப்பதில்லை. குழப்பத்துக்குக் காரணம் அதுதான். வேலூர், குடியாத்தம், ஆற்காடு பக்கம் எந்த வீட்டிலும் கேட்கக்கூடிய சத்தங்களை வைத்தே இதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

சத்தம் என்றால் என்ன?

ஒரு பொருள் வேகமாக முன்னும் பின்னும் அசையும்போது, அதை ஒட்டிய காற்று ஒரு கணம் நெருக்கப்படுகிறது, மறுகணம் தளர்கிறது. அந்த நெருக்கமும் தளர்வும் பக்கத்துக் காற்றுக்குக் கைமாறி நம் காதுச் சவ்வு வரை வந்து சேர்வதே சத்தம். காற்று கிளம்பி வருவதில்லை. அது நின்ற இடத்திலேயே ஆடுகிறது, ஆட்டம் மட்டும்தான் பயணம் செய்கிறது. 20 டிகிரி வெப்பத்தில் அதன் வேகம் நொடிக்கு 343 மீட்டர். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.6 மீட்டர் கூடும் என்பதால், 40 டிகிரி கொளுத்தும் வேலூர்ச் சித்திரையில் அது 355 மீட்டராகிவிடும்.

நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதை ஹெர்ட்ஸ் கணக்கில் சொல்கிறோம். மனிதக் காதுக்கு எட்டுவது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. எண்ணிக்கை கூடினால் சத்தம் கீச்சென்று கேட்கும், குறைந்தால் கனமாகக் கேட்கும். சத்தத்தின் வலுவைச் சொல்வது டெசிபல். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 10 டெசிபல் கூடினால் ஆற்றல் பத்து மடங்கு கூடிவிட்டது என்று அர்த்தம்.

உடம்போ, இசைக்கருவியோ, பாத்திரமோ, எதில் சத்தம் வந்தாலும் பொதுவாக மூன்று வேலைகள் நடக்கின்றன.

1. தூண்டுவது. அடி, உரசல், காற்றழுத்தம், திடீர் வெடிப்பு என்று ஏதோ ஒன்று ஆற்றலைக் கொடுக்க வேண்டும்.
2. அதிர்வது. தோல், கம்பி, தகடு, சதை, காற்றுக்குமிழி என்று ஏதோ ஒன்று ஆட வேண்டும். அது சிறிதாகவும் இழுவிறைப்பாகவும் இருந்தால் அதிர்வு வேகமாகும். பெரிதாகவும் கனமாகவும் இருந்தால் மெதுவாகும்.
3. பெருக்குவது. சின்ன அதிர்வு தனியாக நின்றால் காதுக்கு எட்டாது. ஒரு கூடோ, பரந்த தகடோ, வாய்க்குழியோ அதை வாங்கிக் காற்றுக்குக் கொடுக்க வேண்டும்.

செய்யாறு பக்கத்துப் புரிசை முதல் குடியாத்தம் வரை, பழைய வட ஆற்காட்டின் தெருக்கூத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த மூன்றும் பழக்கமானவைதான். மிருதங்கத்தில் கை தூண்டுகிறது, தோல் அதிர்கிறது, மரக்கூடு பெருக்குகிறது. பறையைத் தீயில் காட்டிக் காய்ச்சுவது சடங்குக்காக அல்ல. தோலில் இருக்கும் ஈரம் வற்றினால் தோல் இறுகும், இறுகினால் அதிர்வு எண்ணிக்கை கூடும், சத்தம் கணீரென்று வரும். பனிக்காலத்து ராத்திரியில் அடிக்கடி காய்ச்ச வேண்டியிருப்பதும் இதனால்தான். அப்புறம் முகவீணை. கையளவே இருக்கும் அந்தக் குழல் வயல்வெளி தாண்டிக் கேட்கும். நம் காது மிகக் கூர்மையாக வேலை செய்வது சுமார் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையில். முகவீணையின் கீச்சுக் குரலில் அந்தப் பகுதி நிறைய இருக்கிறது.

தொண்டை

தொண்டையில் விரலை வைத்து ‘ம்ம்ம்’ என்று சொல்லிப் பாருங்கள், அதிர்வு கைக்குத் தெரியும். ‘ஸ்ஸ்ஸ்’ என்று சொன்னால் தெரியாது. முதலாவதில் குரல்நாண்கள் ஆடுகின்றன. இரண்டாவதில் அவை விலகி நிற்க, பல்லிடுக்கில் சிக்கிய காற்று மட்டும் இரைகிறது. குசுகுசுவென்று பேசும்போதும் குரல்நாண்கள் ஆடுவதில்லை.

குரல்நாண்கள் என்பவை குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு சதை மடிப்புகள். நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றைத் தள்ளித் திறக்கும், அவை தம் இழுவிறைப்பால் உடனே மூடிக்கொள்ளும். பேச்சில் ஆண்களுக்கு இது நொடிக்குச் சுமார் 100 முதல் 130 முறை நடக்கிறது. பெண்களுக்குச் சுமார் 200 முறை, சின்னப் பிள்ளைகளுக்குச் சுமார் 300 முறை. குரல்நாணின் நீளமும் தடிப்பும் மாறுவதுதான் வித்தியாசம். பையன்களுக்கு வயசுக்கு வரும்போது குரல் உடைவதும் அது நீளமாவதால்தான்.

ஆனால் குரல்நாண் போடுவது வெறும் ரீங்காரம். அதை ‘ஆ’, ‘ஈ’, ‘ஊ’ என்று பிரித்துக் கொடுப்பது நாக்கும் உதடும் தாடையும் வாய்க்குழிக்குத் தரும் வடிவம். தொல்காப்பியத்தின் பிறப்பியல் இதற்குத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று எட்டு இடங்களைச் சொல்லி, உள்ளிருந்து எழும் காற்று அங்கெல்லாம் தங்கி எழுத்தாகப் பிறக்கிறது என்கிறது. எந்தக் கருவியும் இல்லாத காலத்தில், தன் வாயையே கூர்ந்து கவனித்து எழுதிய விவரம் அது. எனக்கு இன்றும் அது பெரிய வியப்பு.

போனில் பதிவான சொந்தக் குரல் நமக்கே பிடிக்காமல் போவது ஏன்? பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்ல, மண்டை எலும்பு வழியாகவும் காதுக்குப் போகிறது. எலும்பு கனமான ஓசையை நன்றாகக் கடத்தும். பதிவில் அந்த வழி இல்லாததால் குரல் மெலிந்து கேட்கிறது. மற்றவர்கள் எப்போதும் கேட்பது அந்தக் குரலைத்தான்.

நெட்டி முறிப்பதும் மூட்டுத் தேய்மானமும்

பிள்ளையின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து, தன் நெற்றிப்பொட்டில் விரல்களை மடக்கி வைத்து அழுத்துவார் பாட்டி. படபடவென்று நெட்டி விழும். எத்தனை நெட்டி விழுந்ததோ அத்தனை கண்ணேறு கழிந்தது என்பார். அடுத்த நிமிடமே அதே விரல்களை மடக்கினால் ஒன்றும் வராது. காரணம் மூட்டுக்குள் இருக்கிறது.

விரல் மூட்டுகள் ஒரு பைக்குள் இருக்கின்றன. அந்தப் பையில் வழவழப்பான திரவம், அதில் கரைந்த வாயு. மூட்டை மடக்கி இழுக்கும்போது இரண்டு எலும்புகளுக்கும் நடுவில் இடைவெளி திடீரென்று கூடி, திரவத்தின் அழுத்தம் சரிகிறது. கரைந்திருந்த வாயு குமிழியாக வெளிவருகிறது. சத்தத்தின் பிறப்பிடம் இந்தக் குமிழிதான். அது உருவாகும்போது வருகிறதா, உடையும்போது வருகிறதா என்பதில்தான் விஞ்ஞானிகளுக்குள் சண்டை. 1971இல் வந்த ஆய்வு குமிழி உடைவதே காரணம் என்றது. 2015இல் கனடாவில் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் விரலை வைத்து நெட்டி எடுத்துப் பார்த்தவர்கள், குழி உருவாகும் கணத்திலேயே சத்தம் வருவதாகவும், அதற்குப் பிறகும் குழி அங்கேயே இருப்பதாகவும் சொன்னார்கள். குமிழி பாதி சுருங்கினாலே அந்தச் சத்தம் வரும் என்று 2018இல் ஒரு கணித ஆய்வு காட்டியது. எப்படியிருந்தாலும் வாயு மறுபடி கரையச் சுமார் 20 நிமிடம் ஆகும். அதுவரை அந்த விரலில் நெட்டி விழாது.

இதனால் மூட்டுவாதம் வருமா? டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் தன் இடது கை விரல்களில் மட்டும் தினமும் நெட்டி எடுத்து, வலது கையை அப்படியே விட்டுவைத்தார். 50 ஆண்டு கழித்து, 1998இல், இரண்டு கையிலும் மூட்டுவாதம் இல்லை என்று எழுதினார். ஒரே ஆளை வைத்து முடிவு கட்ட முடியாதுதான். ஆனால் பலரை ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகளிலும் நெட்டிக்கும் மூட்டுவாதத்துக்கும் தொடர்பு தெரியவில்லை.

முட்டியில் வரும் ‘டக்’ இந்தக் குமிழியாக இருக்கலாம், எலும்பு முனை மேல் தசைநார் வழுக்கி விழுவதாகவும் இருக்கலாம். வலி இல்லை, வீக்கம் இல்லை, கால் நன்றாக நீள்கிறது, மடங்குகிறது என்றால் சத்தத்துக்காக மட்டும் ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை. அந்தக் காசை மிச்சப்படுத்துங்கள். சத்தத்தோடு வலியோ வீக்கமோ சேர்ந்து வந்தாலும், முட்டி நடுவில் பூட்டிக்கொண்டாலும் மட்டும் எலும்பு மருத்துவரிடம் போகலாம்.

வயிறும் விக்கலும்

சுருக்கமாகச் சொன்னால் போதும். சாப்பிட்டுச் சில மணி நேரம் ஆனதும், குடலில் மிச்சம் மீதியைத் துடைத்துக்கொண்டு போகும் சுருக்க அலை ஒன்று சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை கிளம்பும். காற்றும் நீரும் சேர்ந்து நெருக்கப்படும்போது ‘கொடகொட’ என்கிறது. வயிறு நிறைந்திருக்கும்போதும் குடல் அசையும், ஆனால் உள்ளே இருக்கும் உணவு சத்தத்தை மட்டுப்படுத்திவிடும். விக்கலில், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத் தசை திடீரென்று சுருங்கிக் காற்றை உள்ளே இழுக்க, குரல்வளை வாயில் படக்கென்று மூடிக்கொள்கிறது. அந்த மூடல்தான் ‘ஹிக்’. இரண்டு நாளுக்கு மேல் நிற்காத விக்கலுக்கு மருத்துவம் தேவை.

ரத்தம் பேசும் நேரம்

ஸ்டெதாஸ்கோப்பை 1816இல் பிரான்சில் உருவாக்கிய லென்னெக், முதலில் பயன்படுத்தியது சுருட்டிய காகிதத்தை. அதன் வழியாக அவர் கேட்ட ‘லப்–டப்’ இதயத் தசை துடிக்கும் சத்தம் அல்ல. உள்ளே கதவு சாத்தும் சத்தம் அது. மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவில் இருக்கும் வால்வுகள் மூடுவது ‘லப்’. இதயத்திலிருந்து வெளியே போகும் பெருங்குழாய்களின் வால்வுகள் மூடுவது ‘டப்’. வால்வு குறுகியிருந்தாலோ கசிந்தாலோ ரத்தம் சுழித்து ஓடும், இரண்டுக்கும் நடுவில் ‘உஸ்’ஸென்று இரைச்சல் வரும்.

நல்ல ரத்தக்குழாயில் ரத்தம் சத்தமில்லாமல் ஓடும். அப்படியானால் பி.பி. பார்க்கும்போது மருத்துவர் முழங்கை மடிப்பில் எதைக் கேட்கிறார்? ரஷ்ய அறுவை மருத்துவர் கொரோட்கோவ் 1905இல் சொன்ன வழி இது. கையில் கட்டிய பட்டையில் காற்றை ஏற்றினால் குழாய் நசுங்கி ரத்தம் நிற்கும், ஒன்றும் கேட்காது. காற்றை மெல்ல இறக்கும்போது ஒரு கட்டத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் பீறிட்டுக் குழாய்ச் சுவரை அடிக்கும், ‘டப்... டப்’ என்று கேட்கும். முதல் ‘டப்’ கேட்ட இடம் மேல் எண், 120. இன்னும் இறக்கினால் குழாய் முழுதாகத் திறந்துகொள்ளும், சத்தம் அடங்கும். அடங்கிய இடம் கீழ் எண், 80. சீட்டில் எழுதித் தரும் 120/80 என்பது இரண்டு மௌனங்களுக்கு நடுவில் கேட்ட சத்தத்தின் எல்லைகள். பேசிக்கொண்டே பி.பி. பார்க்கச் சொல்லாதீர்கள். மருத்துவருக்குச் சரியாகக் கேட்காது, பேசினால் அழுத்தமும் ஏறும்.

குறட்டை

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சு வழி குறுகுகிறது. குறுகிய வழியில் காற்று வேகமெடுக்க, மெல்லண்ணமும் உள்நாக்கும் படபடக்கின்றன. இதுதான் குறட்டை. மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரிந்து இன்னும் கூடும், ஒருக்களித்துப் படுத்தால் குறையும்.

ஒரே சீராக ஓடும் குறட்டை பெரும்பாலும் பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தொல்லை. கவனிக்க வேண்டியது, ஓடிக்கொண்டிருந்த குறட்டை திடீரென்று நிற்பது. பத்து நொடி, இருபது நொடி ஒன்றுமே கேட்காது. அப்புறம் திணறி, ஒரு பெரிய இழுப்போடு மறுபடி ஆரம்பிக்கும். அந்த இடைவெளியில் மூச்சு வழி முழுதாக அடைத்துக் கிடந்தது என்று பொருள். ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறையும், மூளை பதறி எழுப்பும், தூங்குபவருக்கு எதுவும் நினைவிருக்காது. மணிக்கு ஐந்து முறைக்கு மேல் இப்படி நடந்தால் அது தூக்க மூச்சுத் தடை நோய். ரத்த அழுத்தம் ஏறும், இதயம் பாதிக்கும், பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்கும். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ராத்திரி லாரி ஓட்டுபவருக்கு இது இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இதற்கு ‘ஸ்லீப் ஸ்டடி’ என்ற பரிசோதனையும், மூச்சு வழியைத் திறந்து வைக்கும் சிபாப் கருவியும் இருக்கின்றன. நோயாளிக்கு அந்த மௌனம் தெரியாது. கவனித்துச் சொல்ல வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்கள்.

தண்ணீரின் குரல்கள்

குழாயடியில் பேசிக்கொண்டிருக்கும் பெண்கள் குடத்தைத் திரும்பிப் பார்க்காமலேயே சரியான நேரத்தில் எடுத்துவிடுவார்கள். அவர்களுக்குச் சொல்வது தண்ணீர் அல்ல, அதன் மேல் மிச்சமிருக்கும் காற்று. 30 செ.மீ. உயரமுள்ள நேரான பாத்திரம் காலியாக இருந்தால் உள்ளே இருக்கும் காற்று நொடிக்குச் சுமார் 300 முறை அதிரும். நிரம்ப நிரம்பக் காற்றின் நீளம் குறைந்து, 10 செ.மீ. மிச்சமிருக்கும்போது அது 900ஐ நெருங்கும். ஓசை ஏறிக்கொண்டே போவது இதனால்தான்.

ராத்திரியில் தூக்கத்தைக் கெடுக்கும் குழாய்ச் சொட்டு வேறு வகை. துளி தண்ணீரில் மோதும் மோதல் கிட்டத்தட்டச் சத்தமே போடாது. மோதிய இடத்தில் ஒரு குழி விழுகிறது, குழியின் அடியில் சின்னக் காற்றுக்குமிழி மாட்டிக்கொள்கிறது, அது விரிந்து சுருங்கித் தண்ணீரின் மேற்பரப்பை ஆட்டுகிறது. ‘ப்ளக்’ என்று கேட்பது அதுதான். 2 மி.மீ. குறுக்களவுள்ள குமிழி நொடிக்கு 3,000 முறைக்கு மேல் துடிக்கும். இதை அதிவேகக் கேமராவில் படமெடுத்த கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2018இல் எளிய வழி ஒன்றையும் சொன்னார்கள்: பக்கெட் தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் தேய்க்கும் திரவச் சோப்பை விடுங்கள். மேற்பரப்பின் இழுவிசை குறைந்து குமிழி மாட்டாது, சத்தமும் வராது. வாஷர் மாற்றும் வரை இது போதும்.

உரசிப் பிடித்து வழுக்குவது: கதவிலிருந்து பூமி வரை

துருப்பிடித்த கீல், கரும்பலகையில் கீச்சிடும் சாக்பீஸ், பஸ் பிரேக், வயலின் வில் எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. தள்ளு கூடிக்கொண்டே போகிறது. பிடி தாங்காமல் படக்கென்று வழுக்குகிறது, மறுபடி பிடிக்கிறது. நொடிக்கு நூற்றுக்கணக்கில் நடந்தால் கீச்சு. எண்ணெய் விட்டால் பிடியே இருக்காது, கதவு அமைதியாகிவிடும்.

ஷீட் வீடுகளில் பொழுது சாய்ந்ததும் ‘டம்... டம்’ என்று கேட்பதும் இதே கதை. 6 மீட்டர் இரும்பு ஷீட் 30 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் சுமார் 2 மி.மீ. நீளும். வெயில் இறங்கியதும் சுருங்கப் பார்க்கும், போல்ட்டும் கட்டையும் விடாது. இறுக்கம் மிஞ்சியதும் வழுக்கும், பரந்த ஷீட் மொத்தமும் அதைப் பெருக்கிவிடும். யாரும் கல்லெறியவில்லை, பேயும் இல்லை.

இதே வழுக்கல் பூமிக்கடியில் பாறைப் பிளவில் நடந்தால் நில அதிர்வு. 2021 நவம்பர் 29 அதிகாலை, வேலூருக்கு மேற்கு–தென்மேற்கே 59 கி.மீ. தொலைவில், 25 கி.மீ. ஆழத்தில் 3.6 அளவில் ஓர் அதிர்வு பதிவானது. டிசம்பர் 23 அன்று 3.5 அளவில் இன்னொன்று. இப்படிப்பட்ட சின்ன அதிர்வுகளில் ஆட்டத்தை விடச் சத்தமே மக்களை அதிகம் பயமுறுத்தும். பாறையில் முதலில் வரும் அழுத்த அலை நொடிக்குச் சுமார் 6 கி.மீ. ஓடும், குலுக்கும் அலை அதற்குப் பின்னால் சுமார் 3.5 கி.மீ. வேகத்தில் வரும். 25 கி.மீ. ஆழத்துக்குக் கணக்குப் போட்டால் இரண்டுக்கும் ஏறக்குறைய மூன்று நொடி இடைவெளி. முதல் அலை தரையைத் தட்டும்போதே காற்றில் ‘டும்’ எழுகிறது, ஆட்டம் பின்னால் வருகிறது. கல்குவாரி வெடியில் பெரும்பாலும் வரிசை மாறும். தரை முதலில் அதிரும், காற்றில் வரும் வெடிச்சத்தம் இரண்டு கி.மீ. தூரத்துக்கு ஆறு நொடி போலத் தாமதமாகும். அடுத்த முறை ‘டும்’ கேட்டால் எது முன்னால் வந்தது என்று கவனித்தாலே பாதி வதந்தி அடங்கிவிடும்.

எந்தச் சத்தத்தைச் சும்மா விடக் கூடாது?

1. குக்கரின் மௌனம். விசில் வருவது நல்லது. உள்ளே அழுத்தம் வெளிக்காற்றை விடச் சுமார் ஒரு மடங்கு கூடி, வெப்பம் 120 டிகிரியைத் தொட்டதும், வெயிட் தூக்கி ஆவி பீறிடுகிறது. அடுப்பு எரிந்துகொண்டே இருந்து, விசிலும் வராமல், பக்கத்திலும் ஆவி கசியாமல் இருந்தால் துளை அடைத்திருக்கலாம். அடுப்பை அணைத்துத் தள்ளி நில்லுங்கள், ஆறும் வரை திறக்காதீர்கள்.

2. மின்சாதனத்தின் புதுச் சத்தம். ஃபேனிலும் டிரான்ஸ்பார்மரிலும் வரும் மெல்லிய ‘ம்ம்’ இயல்பானது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் காந்த இழுப்பு நொடிக்கு 100 முறை கூடிக் குறைவதால் வருவது அது. சுவிட்ச் போர்டில் ‘சர்சர்’ என்று பொரிந்தால் இணைப்பு தளர்ந்து தீப்பொறி பறக்கிறது. மெயினை அணைத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

3. குழந்தை மூச்சை உள்ளே இழுக்கும்போது வரும் கரகரச் சத்தம். மூச்சு வெளியே விடும்போது வரும் ‘வீசிங்’ நுரையீரலின் சின்னக் குழாய்கள் சுருங்கியதால் வருவது. உள்ளே இழுக்கும்போது வந்தால் அடைப்பு தொண்டைப் பக்கம். கடலையோ பட்டனோ சிக்கியிருக்கலாம். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய சத்தம் இது.

4. மூன்று வாரத்துக்கு மேல் தேறாத குரல் கம்மல். புகைபிடிப்பவர் என்றால் குரல்நாணைப் பார்க்காமல் விடவே கூடாது.

5. வேலை முடிந்து வந்த பிறகும் காதில் ‘ஙொய்’. விசைத்தறிக் கூடத்திலும், திருவிழா ஸ்பீக்கர் பக்கத்திலும் நெடுநேரம் நிற்பவர்களுக்கு இது வரும். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் பாதுகாப்பு, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். காதுக்குள் ஒலியை உணரும் மயிரணுக்கள் செத்தால் திரும்ப முளைப்பதில்லை. காதடைப்பான் சில ரூபாய்தான்.

காதே எழுப்பும் சத்தம்

காது கேட்பதோடு நிற்காமல் சத்தமும் போடுகிறது. உட்காதில் வெளிப்புற வரிசையில் இருக்கும் மயிரணுக்கள், வரும் ஒலிக்கேற்ப நீண்டு சுருங்கி அதைப் பெருக்குகின்றன. அந்த அசைவில் மிக மெல்லிய ஒலி ஒன்று திரும்பி வெளியே வருகிறது. 1978இல் லண்டனில் டேவிட் கெம்ப் இதைக் கண்டறிந்தபோது பலர் நம்பவில்லை. இன்று பிறந்த குழந்தைக்குச் செய்யும் ஓ.ஏ.இ. சோதனை இதை வைத்துத்தான் நடக்கிறது. தூங்கும் குழந்தையின் காதில் சின்ன முனையை வைத்து ‘டிக்’ ஒலி அனுப்புவார்கள், பதில் ஒலி வருகிறதா என்று மைக் கேட்கும். சில நிமிட வேலை, வலி கிடையாது.

பதில் வரவில்லை என்றாலும் அன்றே கலங்க வேண்டாம். பிறந்த புதிதில் காதில் மெழுகுப்படலமோ நீரோ அடைத்திருந்தாலும் அப்படித்தான் காட்டும். மறுபடி பார்க்க வேண்டும், அப்போதும் வரவில்லை என்றால், காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு வழியைப் பார்க்கும் பெரா சோதனைக்குப் போக வேண்டும். முதல் சோதனை ஒரு மாதத்துக்குள், குறை உண்டா என்ற முடிவு மூன்று மாதத்துக்குள், தேவைப்பட்டால் காது மெஷினும் பேச்சுப் பயிற்சியும் ஆறு மாதத்துக்குள் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் கெடு. பிரசவம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது, குழந்தைக்குக் காது சோதனை ஆயிற்றா என்று கேட்டு, சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.